மோட்டாரில் நீண்ட தூரம்: மெத்தென்ற சீட் ஏன் அதிகம் வலிக்கிறது?

விடியற்காலை ஐந்தரை மணி. பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். லயத்து வாசலில் இருந்து கப்சாயைத் தள்ளிக்கொண்டு வந்து, பையை இறுக்கிக் கட்டி, பினாங்கில் இருக்கும் பாட்டி வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். 450 கிலோமீட்டருக்கும் மேல்.

முதல் அரை மணி நேரம் ஜாலிதான். சிரம்பானில் நெடுஞ்சாலை ஏறும்போது லேசாக ஒரு பக்கம் நகர்ந்து உட்காருகிறீர்கள். நீலாய் தாண்டும்போது இன்னொரு பக்கம். ரவாங் ஓய்வு நிலையம் வருவதற்குள் ஃபுட் ரெஸ்டில் காலை ஊன்றி எழுந்து நிற்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். பாட்டி வீட்டு வாசலில் இறங்கியதும் வாயில் வரும் முதல் வார்த்தை, "ஐயோ, இடுப்பு போச்சு."

"மோட்டாரில் போனால் அப்படித்தான் இருக்கும், பழகிக்கோ" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த வலியில் பெரும்பகுதி பழகிக்கொள்ள வேண்டிய வலி இல்லை. அதைக் குறைக்க முடியும். அதற்குச் செய்ய வேண்டியதாக நாம் நினைப்பதும் உண்மையில் உதவுவதும் பல நேரங்களில் வேறு வேறு.

வலிதானே, தாங்கிக்கொள்ளலாமே?

மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதற்குச் சீட்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இடுப்பு வலிக்கும்போது உங்கள் கவனம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் போகும் லாரி மேலா, இல்லை எப்படி நகர்ந்து உட்காரலாம் என்பதிலா?

கால் மரத்துப் போனால் பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது சரியாகத் தெரியாது. முன்பக்கம் சரிந்த சீட்டில் வழுக்கி வழுக்கி உட்காருபவர் உடம்பைக் கைகளால் தாங்கிக்கொண்டே ஓட்டுவார். மணிக்கட்டும் தோளும் சீக்கிரம் களைத்துவிடும். வலி வந்தவர் "சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று வேகத்தைக் கூட்டுவதும் நடக்கிறது.

தோட்டப்புறத்தில் இருந்து செனவாங், நீலாய் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஆண்டுக்கு ஒரு முறை வரும் பிரச்சனையும் அல்ல. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது என்று மோட்டாரை நம்பி இருப்பவர்கள், வாரத்தில் ஆறு நாள் அதே சீட்டில்தான் உட்காருகிறார்கள்.

கப்சாய் யாருக்காகச் செய்யப்பட்டது?

நம் ஊரில் 'கப்சாய்' என்று சொல்லும் சிறிய மோட்டார்களின் மூதாதை, ஹோண்டா 1958-இல் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப். அந்த 'கப்' என்ற பெயரோடு 'சிறியது' என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்துதான் 'கப்சாய்' வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 2017-இல் சூப்பர் கப் வகை மோட்டார்களின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

அந்த மோட்டார் டவுனுக்குள் சின்னச் சின்ன வேலைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. உணவுக்கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்ட முடிய வேண்டும் என்பது அப்போது மனதில் இருந்த காட்சி. பத்து நிமிடம் ஓட்டி, இறங்கி, மறுபடி ஏறும் ஆளுக்கான சீட் அது.

அந்த வம்சத்தில் வந்த மோட்டாரைத்தான் நாம் ரந்தாவ் சந்தைக்கும் ஓட்டுகிறோம், பினாங்குக்கும் ஓட்டுகிறோம். மோட்டார் நீண்ட தூரத்தைத் தாங்குகிறது. சீட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

உட்காரும்போது உடம்பில் என்ன நடக்கிறது?

ஒரு சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் பிட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். இடமும் வலமும் உருண்டையாக இரண்டு எலும்பு முனைகள் கையில் தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அதுதான். நிமிர்ந்து உட்காரும்போது உங்கள் எடையில் பெரும்பங்கு இந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் சீட்டில் இறங்குகிறது.

கப்சாயில் நாம் கிட்டத்தட்ட நாற்காலியில் உட்காருவது போலத்தான் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆகவே எடை முழுவதும் அங்கேயே விழுகிறது. அந்த இரண்டு இடங்களிலும் தோலும் தசையும் எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்குகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது, நரம்பு அழுந்துகிறது. முதலில் எரிச்சல், அப்புறம் வலி, அப்புறம் மரத்துப் போதல்.

அதனால் சீட் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அந்த இரண்டு முனைகளில் குவியும் எடையைச் சுற்றியுள்ள சதைக்கும் தொடைக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.

அப்போ மெத்தென்று இருந்தால் நல்லதுதானே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம்.

புது ஜப்பான் சிலிப்பர் வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருக்கும். சில மாதத்தில் குதிகால் பகுதி தேய்ந்து அமுங்கி, தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஒவ்வொரு கல்லும் காலில் தெரியும். சிலிப்பர் அப்போதும் மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் அமுங்குவதற்கு அதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

மிக மெத்தென்ற ஸ்பாஞ்சும் அப்படித்தான். கடையில் கையால் அமுக்கும்போது சுகமாக இருக்கும். நீங்கள் உட்கார்ந்ததும் எலும்பு முனைகள் அதை அடிவரை அமுக்கிவிடும். பிறகு நீங்கள் உட்கார்ந்திருப்பது ஸ்பாஞ்சின் மேல் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேல். இன்ஜினின் அதிர்வும் ரோட்டின் பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு வரும்.

கொஞ்சம் கெட்டியான ஸ்பாஞ்சு முதல் ஐந்து நிமிடம் "என்ன இது, பலகை மாதிரி இருக்கே" என்று தோன்றும். ஆனால் இரண்டாவது மணி நேரத்தில் அது இன்னும் உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கும். நீண்ட தூரத்துக்குப் பொருத்தமானது கெட்டியான அடிப்பகுதி, அதன்மேல் மெல்லிய மெத்தென்ற ஓர் அடுக்கு.

சீட் ஸ்பாஞ்சும் ரப்பர் பாலும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் சீட் ஸ்பாஞ்சுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ரப்பர் பாலை நுரைக்க அடித்து உறைய வைத்து ஒரு புது வகை மெத்தையை உருவாக்கினார்கள். 'டன்லப்பில்லோ' என்ற பெயரில் அது பிரபலமானது. டன்லப் நிறுவனத்துக்கு அப்போது மலாயாவில் சொந்த ரப்பர் தோட்டங்களும் இருந்தன.

அதாவது, நம் தாத்தா பாட்டி காலத்தில் இருட்டோடு எழுந்து மரம் வெட்டிச் சேர்த்த பாலில் ஒரு பகுதி, எங்கோ ஒருவர் உட்காரும் மெத்தையாகவும் ஆனது. 1950-களில் பெட்ரோலியப் பொருள்களில் இருந்து செய்யப்படும் பாலியூரித்தேன் நுரை சந்தைக்கு வந்து அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. இன்று உங்கள் மோட்டார் சீட்டுக்குள் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது போல, சீட்டுக்குள்ளும் ரப்பர் போய்விட்டது.

பாலியூரித்தேன் நுரை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் உள்ளே இருக்கும் நுண்ணறைகள் உடைந்து, பழையபடி எழும்பாது. தையல் பிரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் இன்னும் சீக்கிரம் கெடும். கட்டைவிரலால் நீங்கள் உட்காரும் இடத்தை அழுத்திப் பாருங்கள். சுலபமாக அடித்தட்டு தட்டுப்பட்டால், அந்த ஸ்பாஞ்சின் ஆயுள் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் அளவு என்ன? வீட்டிலேயே பார்க்கலாம்

சைக்கிள் சீட் வாங்குபவர்கள் பயன்படுத்தும் ஒரு எளிய வழி இருக்கிறது. மளிகைச் சாமான் வரும் நெளிவு அட்டைப் பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, கெட்டியான பெஞ்சின் மேல் வையுங்கள். அதன்மேல் உட்கார்ந்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் தெரியும்.

அந்தக் குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இது சுமார் 10 முதல் 14 சென்டிமீட்டர் வரை இருக்கும். சராசரியாகப் பெண்களுக்குச் சற்று அதிகம்.

இப்போது உங்கள் சீட்டில் நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்தின் தட்டையான அகலத்தை அளந்து பாருங்கள். இரண்டு முனைகளும் அவற்றைச் சுற்றிய சதையும் அந்தத் தட்டைப் பரப்பில் நன்றாக அடங்க வேண்டும். முனைகள் சரிவான ஓரத்தில் விழுந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பாஞ்சு போட்டாலும் வலிக்கும்.

காசு செலவழிக்கும் முன் என்ன செய்யலாம்?

சீட் வலி என்று நினைப்பது சில நேரம் சீட்டால் வருவதே இல்லை. முதலில் இவற்றைச் சரிபாருங்கள்.

பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை வெளியே எடுங்கள். அது ஒரு பக்க இடுப்பை உயர்த்தி, முதுகெலும்பை மணிக்கணக்கில் கோணலாக வைத்திருக்கும்.

நீண்ட தூரத்துக்கு இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். அடியில் நான்கு தையல்கள் சேரும் அந்தத் தடித்த முடிச்சு, சரியாக எடை விழும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மழையில் நனைந்தால் தோலையே உரித்துவிடும். சைக்கிள் ஓட்டுபவர்கள் அணியும் மெத்தை வைத்த உள்காற்சட்டை பலருக்கு நன்றாக உதவுகிறது.

டயர் காற்றை, மோட்டார் சூடாவதற்கு முன் பாருங்கள். கையேட்டில் சொன்னதைவிட அதிகம் அடித்தால் டயரே கல் மாதிரி ஆகி, ஒவ்வொரு குலுக்கலையும் மேலே அனுப்பும். பின் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். செத்துப்போன அப்சார்பருக்குச் சீட் மாற்றிப் பயன் இல்லை. சில மாடல்களில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றலாம். தனியாகப் போகும்போதும் ஆளேற்றிப் போகும்போதும் அது ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை.

நெடுஞ்சாலையில் சின்ன இன்ஜினை முறுக்கிப் பிடித்தால் அதிர்வு அதிகம். கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாலே கைக்கும் இடுப்புக்கும் வித்தியாசம் தெரியும்.

குஷன் கடையில் என்ன சொல்வது?

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் வலித்தால், சீட்டைத் திருத்தும் குஷன் கடைக்குப் போகலாம். முழுச் சீட் புதிதாக வாங்குவதைவிட, இருக்கிற சீட்டின் ஸ்பாஞ்சைத் திருத்துவது பெரும்பாலும் மலிவு. முடிந்தால் பழைய சீட் ஒன்றைத் தனியாக வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். சரிவரவில்லை என்றால் மோட்டாரோடு வந்த சீட்டை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

"பாஸ், பெலி யாங் லெம்புட்" என்று மெத்தென்றதைக் கேட்காதீர்கள். "கெராஸ் சிக்கிட், லேபார் சிக்கிட்", கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் அகலம், என்று சொல்லுங்கள். அதோடு இந்த நான்கையும் கேளுங்கள்.

ஒன்று, உட்காரும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். முன்பக்கம் சரிந்திருந்தால் நீங்கள் வழுக்கி முன்னால் போவீர்கள், இடுப்புக்கு முன்புறம் அழுந்தும்.

இரண்டு, உட்காரும் இடம் அகலமாகவும் முன்புறம் ஒடுங்கியும் இருக்க வேண்டும். அகலம் முன்புறம் வரை வந்தால் தொடை உரசும், கால் தரையில் எட்டாது.

மூன்று, தையல் கோடுகள் எலும்பு முனைகள் விழும் இடத்தில் வரக்கூடாது.

நான்கு, மேலுறைக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் தாள் வைக்க வேண்டும். நம் ஊர் மழைக்கு அது இல்லாமல் ஆகாது.

உயரம் குறைந்தவர்கள் கால் எட்டவில்லை என்று ஸ்பாஞ்சின் மேற்பகுதியை வெட்டச் சொல்வது வழக்கம். பார்க்க ஸ்டைலாக இருக்கிறது என்று சீட்டைத் தட்டையாகச் சீவிக்கொள்ளும் இளைஞர்களும் உண்டு. இரண்டிலும் எலும்புக்கும் அடித்தட்டுக்கும் இடையே இருந்த கொஞ்ச நஞ்சப் பாதுகாப்பும் போய்விடுகிறது. முழங்காலும் இன்னும் அதிகமாக மடங்கும். கால் எட்டத்தான் வேண்டும் என்றால், மேலே வெட்டாமல் முன்புற ஓரங்களை மட்டும் செதுக்கச் சொல்லுங்கள். கால் நேராக இறங்கும், எட்டும் தூரம் குறையும்.

ஸ்பாஞ்சு மாற்றுவது ஒன்று, சட்டகத்தை அறுத்து ஒட்டுவது வேறு. வாகனத்தில் செய்யும் மாற்றங்கள் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டவை. சட்டகத்தில் கை வைக்கும் வேலை என்றால், முன்கூட்டியே ஜேபிஜேயிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மேலே கட்டும் குஷன்கள் வேலை செய்யுமா?

செய்யும், சரியாகப் பயன்படுத்தினால்.

காற்று நிரப்பும் குஷன் எடையை நன்றாகப் பகிர்ந்து கொடுக்கும். ஆனால் பலர் பலூன் மாதிரி ஊதிவிட்டு, வளைவில் மோட்டார் தள்ளாடுகிறது என்பார்கள். எலும்பு அடித்தட்டைத் தொடாத அளவுக்குக் காற்று இருந்தால் போதும். உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியே விட்டு அந்த நிலையைக் கண்டுபிடியுங்கள்.

ஜெல் குஷன் அழுத்தத்தைக் குறைக்கும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் சூட்டை நெடுநேரம் பிடித்துவைத்திருக்கும். உறையோ துணியோ போட்டு மூடாமல் விட்டால் உட்கார முடியாது.

வலை போன்ற மேலுறை எடையைப் பெரிதாகப் பகிராது. ஆனால் காற்று போக வழி விடுவதால் வியர்வையும் உரசலும் குறையும். எதைப் போட்டாலும், அது சீட்டில் நகராமல் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பிரேக் போடும் நேரத்தில் குஷனோடு சேர்ந்து நீங்களும் வழுக்கக்கூடாது.

பின்னால் உட்காருபவரைக் கேட்டீர்களா?

சீட்டைப் பற்றிப் பேசும்போது நாம் ஓட்டுபவரை மட்டுமே நினைக்கிறோம். அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்குச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது, அவர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்?

ஸ்போர்ட்ஸ் தோற்றத்தில் வரும் பல மோட்டார்களில் பின் சீட் ஒடுக்கமாகவும் உயரமாகவும் ஸ்பாஞ்சு குறைவாகவும் இருக்கிறது. பின் சக்கரத்துக்கு அருகில் உட்காருவதால் குலுக்கலும் அவருக்குத்தான் அதிகம். ஓட்டுபவருக்குப் பள்ளம் முன்கூட்டியே தெரியும், உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்வார். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், முழங்கால் அதிகம் மடங்காமல் வைக்க ஃபுட் ரெஸ்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டால் "இல்லப்பா, நீ பாத்து ஓட்டு" என்றுதான் பதில் வரும். இறங்கும்போது அவர் எப்படி இறங்குகிறார், எத்தனை அடி நொண்டி நடக்கிறார் என்று கவனியுங்கள். குஷன் கடைக்குப் போகும்போது சீட்டின் பின்பாதியையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

கடை வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எதுவும் தெரியாது. குறைந்தது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்ட வேண்டும். சிரம்பானில் இருந்து புக்கிட் புத்துஸ் வழியாகக் கோலப்பிலா போய், பகாவ் வரை சென்று திரும்பினால் 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஏற்றம், வளைவு, நேர்ச்சாலை எல்லாம் அதில் இருக்கின்றன. எத்தனையாவது நிமிடத்தில் முதல் முறை நகர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் திருத்துவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. அந்த இரண்டு எண்களும் உண்மையைச் சொல்லும்.

எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் நாள் முழுவதும் அசையாமல் உட்கார நம் உடம்பு படைக்கப்படவில்லை. மணிக்கு ஒரு முறை, அதிகம் போனால் ஒன்றரை மணிக்கு ஒரு முறை இறங்குங்கள். வடக்கே போனால் ரவாங், தாப்பா, சுங்கை பேராக், குனோங் செமாங்கோல் என்று ஓய்வு நிலையங்கள் வழியில் இருக்கின்றன. வலி வந்த பிறகு நிற்பதைவிட, வருவதற்கு முன்பே நிற்பது நல்லது. பத்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, இடுப்பை முன்னும் பின்னும் வளைத்துவிட்டு ஏறுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இறங்கி நடந்ததும் சிறிது நேரத்தில் மறையும் மரத்துப் போதல் பெரும்பாலும் அழுத்தத்தால் வருவது. ஆனால் அது மணிக்கணக்கில் நீடித்தாலோ, ஒவ்வொரு பயணத்திலும் திரும்பத் திரும்ப வந்தாலோ, வலி முதுகில் இருந்து காலுக்கு இறங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொடைகளுக்கு நடுவில், சீட்டில் படும் பகுதி முழுவதும் உணர்வு இல்லாமல் போவது, கால் பலவீனமாவது, சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த முடியாமல் போவது ஆகியவை அவசர அறிகுறிகள். முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புகள் நசுங்குவதால் இப்படி ஆகலாம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்தத் தீபாவளிக்குக் கிளம்பும் முன், ஒரு சனிக்கிழமை மாலை ஒதுக்குங்கள். பர்ஸ், டயர் காற்று, அப்சார்பர், அட்டைத் துண்டு, கட்டைவிரல் சோதனை. இவ்வளவுக்கும் ஒரு காசு செலவில்லை. குஷன் கடைக்குப் போக வேண்டுமா இல்லையா என்பது அதற்குப் பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும். போவதாக இருந்தால் பண்டிகைக்கு முந்தின வாரம் வரை காத்திருக்காதீர்கள். கெட்டியான புது ஸ்பாஞ்சு உங்கள் உடம்புக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும்.